பிரயாணியின் இலையும் தேநீர்க் கிண்ணமும்

பிறநாடு செல்லும் பிரயாணி அந்நாட்டின் கோட்டைகளையும் கோயில்களையும் காண்பதற்கு முன்னரே அதன் சாப்பாட்டுக்கடை ஒன்றினுள் நுழைந்துவிடுகிறார். கோட்டையைப் பார்க்க நேரம் குறிக்கலாம். பசிக்கு நேரம் குறிக்க இயலாது. ஆதலால் ஒரு நாட்டு மக்களின் சுவை, பேச்சு, உபசாரம், ஒருவரையொருவர் மதிக்கும் முறை ஆகிய யாவும் முதன்முதல் அவருக்குப் புலனாவது உணவு மேசையிலேயாம். மதிய உணவையும் மாலைத் தேநீரையும் பிரயாணத்தின் இடைவேளைகள் எனப் பலர் கருதுவர். அவற்றைப் பிரயாணத்தின் ஒரு பாகமாகவே கொள்பவர் அடையும் இன்பம் பெரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விடயத்தை நோக்கலாம்.

யாழ்ப்பாணம் ஒரு தமிழருக்குப் பிறநாடாகுமோ என்ற வினா எழலாம். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பற் சேவை தொடங்கியது. கடலின் அகலம் சிறிதே. எனினும் கடவுச்சீட்டின்றி அதனைக் கடத்தல் ஆகாது. கனடாவிலும் இங்கிலாந்திலும் பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊரைக் காண வரும் இளைஞர்க்கும் இது ஒருவகையில் பிறநாடே. மொழி ஒன்றாயிருந்தும் சொற்கள் மாறுகின்றன. சென்னையில் ‘டீ’ எனப்படுவது இங்கே ‘தேத்தண்ணி’. ‘காபி’ எனப்படுவது ‘கோப்பி’. ரொட்டிக்குப் ‘பாண்’ என்றும், பிஸ்கட்டுக்கு ‘விசுக்கோத்து’ என்றும் பெயர். இவ்விரு சொற்களும் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தவை. காய்கறியை ‘மரக்கறி’ என்பர். ‘சர்க்கரை’ என்று கேட்டால் வெல்லம் வரும். வெண்மையான சர்க்கரை வேண்டுமாயின் ‘சீனி’ என்று கேட்டல் வேண்டும்.

முற்காலத்தில் யாழ்ப்பாணத்து வழிப்போக்கர் கடையிலே சோறு வாங்கி உண்டாரல்லர். உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்கினர். இல்லையேல் வீதியோரத்து மடங்களில் இளைப்பாறினர். கிணறும், சுமைதாங்கியும், மாடுகள் உடலைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் மடத்தின் அருகே அமைந்திருக்கும். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் இன்றும் இதற்குச் சான்றாக நிற்கிறது. வீதி அதன் நடுவே செல்ல, இருபுறத்திலும் கற்றூண்கள் தாங்கும் திண்ணைகள் உள்ளன. ஒல்லாந்தர் காலத்தில் தோன்றி ஆங்கிலேயர் காலத்திற் பெருகிய வாடிவீடுகளோ, பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் ஐரோப்பியப் பிரயாணிகளுக்கும் பயன்பட்டன. சமைத்த சோற்றை விலைக்கு விற்றல் இழுக்கென்று எண்ணியவர் பழந்தமிழ்ச் சமூகத்தில் பலர்.

சாப்பாட்டுக்கடை புதிய காலத்தின் படைப்பாகும். 1905ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. வழக்குக்காக வருவோரும், வியாபாரிகளும், கச்சேரிக்கு வருவோரும், கல்லூரி மாணவரும் நகரிற் பெருகினர். இவர்களுள் எல்லாருக்கும் நகரிலே உறவினர் இருத்தல் இயலாது. பணம் கொடுத்து, முன்பின் அறியாதார் அருகே அமர்ந்து, வயிறார உண்டு எழுந்து செல்லும் இடம் அவர்களுக்குத் தேவையாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரிலும் உணவகம் இத்தகைய தேவையினாலேயே வளர்ந்தது. ‘ரெஸ்டோரன்ட்’ என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் உடலுக்குத் தெம்பு தரும் சாறொன்றையே குறித்தது. பின்னர் அதனை விற்ற இடத்துக்கு ஆகிவந்தது. அங்கே வந்தவர் தமக்கென ஒரு மேசையைப் பெற்றார். விரும்பிய பண்டத்தைக் கேட்டார். குறித்த விலையைக் கொடுத்தார். ‘நீர் யார், எவ்வூர், எக்குலம்’ என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. உணவகம் என்னும் ஏற்பாட்டின் உயிர்நிலை இதுவே. பின்னர் வரும் செய்தியை விளங்கிக்கொள்ள இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

இனி மதிய உணவைக் காண்போம். யாழ் நகரின் பெரியகடைப் பகுதியிலுள்ள மலாயன் கபே போன்ற சைவ உணவகங்களில் வாழையிலையில் சோறு பரிமாறப்படும். மலாயா என்ற பெயரே ஒரு சரித்திரக் குறிப்பாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கடமையாற்றினர். அவர்கள் அனுப்பிய பணமும், ஓய்வுபெற்றுத் திரும்பியபோது கொண்டுவந்த பழக்கவழக்கங்களும் குடாநாட்டின் வாழ்க்கையில் ஆழப் பதிந்தன.

இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். சோறு பெரும்பாலும் புழுங்கலரிசிச் சோறு, சிவப்பரிசியும் உண்டு. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, வறை, சம்பல், அப்பளம், மோர்மிளகாய் ஆகியன சுற்றிவர அமையும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் சாம்பாரைத் தேடுவர். அதன் இடத்தைப் பற்றிக்கொண்டிருப்பது வறுத்து இடித்த கறித்தூள் சேர்ந்த குழம்பு. மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் சீரகமும் மிளகும் கறிவேப்பிலையும் வறுபட்டுச் சேர்ந்த அத்தூளின் வாசனை யாழ்ப்பாணச் சமையலின் முத்திரை. இறுதியில் சொதி வரும். தேங்காய்ப்பாலும் மஞ்சளும் பச்சைமிளகாயும் வெங்காயமும் சேர்ந்து மெல்லக் காய்ச்சி, புளிப்புக்கு எலுமிச்சஞ்சாறு பிழிந்த நீர்மையான கறி அது. குழம்பின் உறைப்பு நாவை எரித்தபின் சொதி வந்து அதனை ஆற்றுகிறது. இந்த ஒழுங்கை அறியாதவர் தொடக்கத்திலேயே சொதியை ஊற்றிக்கொண்டு, பின்வரும் உறைப்புக்கு மருந்தின்றித் தவிப்பர்.

மீனும் நண்டும் இறாலும் விரும்புவோருக்கு வேறு கடைகள் உள. முருங்கையிலை இட்ட நண்டுக்கறி அவற்றுட் பெயர்பெற்றது. எனினும், குடாநாட்டின் தனிப்பெரும் பண்டமாகிய ஒடியற்கூழ் கடைகளில் எளிதிற் கிடைப்பதன்று. பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, அதன் கசப்பைப் போக்கி, மீன், நண்டு, இறால், மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், பழப்புளி, செத்தல்மிளகாய் ஆகியவற்றுடன் ஒரு பெரும் பானையிற் காய்ச்சுவர். பனையோலைப் பிளாவில் ஊற்றிச் சூட்டோடு குடிப்பர். பலர் கூடியிருந்து குடிக்கும் பண்டமாதலால் அது வீட்டு முற்றத்துக்கே உரியது. எந்த ஊரிலும் கடை தருவது ஒன்று, வீடு தருவது வேறொன்று. வீட்டுப் பண்டத்தைக் கடையில் தேடி ஏமாறுவதைவிட, கடை நன்கு செய்வதைக் கேட்டு உண்பதே பிரயாணிக்கு அறிவுடைமை. காலையிலும் இரவிலும் நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டும், இடியப்பமும், சிவந்த சம்பலோடு தோசையும் கடைகளிற் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளிலும், 25 நாள்கள் நிகழும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவ காலத்திலும் ஊரிற் பலர் மரக்கறி உணவையே கொள்வர். அந்நாள்களில் சைவக்கடைகளில் இடம்பிடிக்க விரும்புவோர் நேரத்தோடு செல்லுதல் நலம்.

மாலை நான்கு மணிக்கு அடுத்த வேளை வருகிறது. மாலைத் தேநீர் என்பது ஆங்கிலேயப் பிரபுக்களின் வழக்கமாகத் தோன்றியது. மதிய உணவுக்கும் இராப்போசனத்துக்கும் இடையே நீண்ட நேரம் பசியோடிருக்க மாட்டாமல், பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா 1840ஆம் ஆண்டளவில் தேநீரும் சிற்றுண்டியும் வரவழைத்து உண்டார் என்றும், அவ்வழக்கம் பின்னர் பரவிற்று என்றும் பொதுவாகச் சொல்லுவர். அந்த நாளில் இலங்கையின் மலைநாடு கோப்பிக்கே பேர்பெற்றிருந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். இரண்டாண்டுகளின் பின், 1869இல், கோப்பியிலைகளிற் கண்ட நோய் அப்பயிரைப் படிப்படியாக அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் வறண்ட காற்றிலும் தேயிலை வளராது. இங்கே வளர்வது பனை. பழங்காலத்துத் தாகத்தை மோரும், பழஞ்சோற்றுத் தண்ணீரும், பனை தரும் கருப்பநீரும் தணித்தன. இன்று குடாநாட்டார் அருந்தும் தேநீர் மலைநாடு முதலிய வேறு பகுதிகளிலிருந்தே வருகிறது. மலைநாட்டிலே கொழுந்து பறிக்கும் கைகளிற் பெரும்பாலானவை, தென்னிந்தியாவிலிருந்து சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோருடையவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அக்குறை முற்றாக நீங்கப் பல பதிற்றாண்டுகள் சென்றன. ஆகவே தேநீர் எளிய பானமெனினும், அதன் கதை எளிதன்று.

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடையில் சாயம் திடமாக இருக்கும். துணிப்பையில் தேயிலைத்தூளை இட்டுக் கொதிநீரை வார்த்து இறக்குவர். பால் வேண்டுமாயின் பெரும்பாலும் தகரப்பாலோ பால்மாவோ சேரும். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றும்போது நுரை எழும். பாலின்றி அருந்துவது வெறுந்தேத்தண்ணி. அதனோடு சீனியைக் கலக்காது, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக உறிஞ்சுவது பழையோர் விரும்பிய முறை. இனிப்பு வேறாகவும் துவர்ப்பு வேறாகவும் நாவிற்படுதலே அதன் நயம்.

கூடவே ஒரு தட்டில் வடை, றோல், கட்லட், பணிஸ் முதலியன வந்து மேசையில் அமரும். தாம் கேளாத பண்டங்கள் வந்தனவே என்று புதியவர் திகைத்தல் வேண்டா. உண்டவற்றை மாத்திரம் எண்ணி விலை குறிப்பர். எஞ்சியவை திரும்பிச் செல்லும். இலங்கை முழுவதிலும் உள்ள வழக்கம் இது. பருத்தித்துறை வடையோ தட்டையாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். பல நாள்கள் கெடாது. பிரயாணி ஊர் திரும்பும்போது கொண்டுசெல்வதற்கும் அது ஏற்றது.

இத்தகைய இன்பம் யாவும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. கடையினுள் நுழைந்து இருக்கையில் அமரும் உரிமையே அந்நிபந்தனை. இன்று வரும் பிரயாணி அதனைச் சிந்திப்பதேயில்லை. ஆனால் குடாநாட்டில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்த இருக்கை எளிதிற் கிடைத்ததன்று. தேநீர்க்கடைகள் பெருகிய காலத்தில் அவர்கள் கடைக்கு வெளியே நின்றே தேநீர் வாங்கினர். உள்ளே இருப்பவர்க்குக் கிண்ணமும் பேணியும். வெளியே நிற்பவர்க்குப் போத்தல், தகரம், சிரட்டை. அவர்களின் காசை வாங்கிய கை கிண்ணத்தை நீட்ட மறுத்தது. விலை கொடுத்தார்க்கு இடம் உண்டு என்னும் உணவகத்தின் அடிப்படை விதி அங்கே முறிந்து கிடந்தது.

ஒரு கிண்ணத் தேநீருக்கு இத்துணை முக்கியம் ஏன் என்று வினவலாம். தேநீர்க்கடை தேநீருக்கு மாத்திரம் உரிய இடமன்று. பத்திரிகை வாசிக்கப்படுவதும், விலைவாசி பேசப்படுவதும், கூலிக்கு ஆள் தேடப்படுவதும், பேருந்துக்குக் காத்திருப்பதும் அங்கேதான். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் ஊரின் பொதுப்பேச்சுக்கும் வெளியே நிறுத்தப்பட்டார். இதனை உணர்ந்தமையாற்றான், சமத்துவம் வேண்டினோர் கோயில் வாசலோடு தேநீர்க்கடை வாசலையும் தம் போராட்டத்தின் களமாகக் கொண்டனர்.

அப்போராட்டம் படிப்படியாக வளர்ந்தது. 1920களில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தீண்டாமையைக் கண்டித்தது. பாடசாலைகளில் எல்லாச் சாதி மாணவருக்கும் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்ற கோரிக்கை அக்காலத்திலேயே வலுப்பெற்றது. 1940களில் இயங்கத் தொடங்கிய சிறுபான்மைத் தமிழர் மகாசபை, பின்னர் தேநீர்க்கடைகளையும் உணவகங்களையும் யாவர்க்கும் திறந்துவிடுமாறு வற்புறுத்தியது. அதன் தலைவருள் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் 1970ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் நியமன உறுப்பினரானார். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. 1971ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது.

சட்டம் ஏட்டில் இருந்தபோதும், கிராமத்துக் கடை பலவற்றிற் பழைய வழக்கமே நிலவியது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் தேதி, சுன்னாகத்திலிருந்து யாழ் நகருக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலமொன்று புறப்பட்டது. பொலிஸார் அதனைத் தடுக்க முயன்றனர். எனினும் ஊர்வலம் நகரை அடைந்தது. அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் ஏனைய ஊர்களிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. இருக்கையில் அமர்ந்து ஒரு கிண்ணம் தேநீர் கேட்டவர்கள் தாக்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வியக்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய எழுத்தாளர் கே. டானியல், ‘பஞ்சமர்’ என்னும் நாவலை 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒடுக்கப்பட்டோரின் வாழ்வையும் எழுச்சியையும் அந்நாவல் பேசுகிறது.

இந்த நிலை யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. சென்னை நகரில் உணவகங்களின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் நெடுங்காலம் இடம்பெற்றது. அதனை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் 1957ஆம் ஆண்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமியின் இயக்கத்தினர் மறியல் செய்தனர். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், 1960ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி, கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட சிற்றுண்டி மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். கோப்பி மறுக்கப்பட்டது, அவர்களோ கடை மூடும்வரை எழவில்லை. மறுநாளும் அதன் மறுநாளும் மேலும் பலர் வந்து அமர்ந்தனர். அவ்வாண்டு யூலை மாதத்தில் அந்த மேசை யாவர்க்கும் திறந்தது. இங்கிலாந்திலோ 1864ஆம் ஆண்டு முதல் தோன்றிய தேநீர்ச்சாலைகள், ஆண் துணையின்றி வெளியே செல்லும் பெண்கள் மதிப்போடு அமர்ந்து இளைப்பாற இடமளித்தன. பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டோர் அங்கே கூடிப் பேசினர். கோப்பியும் தேநீரும் சிறு பொருள்களே. அவற்றைப் பிறரோடு சரிசமமாக அமர்ந்து அருந்துதல் பெரும் பொருளாகும்.

யாழ்ப்பாணம் பின்னர் போரின் கொடுமையை அனுபவித்தது. 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதம் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் ஏனைய அத்தியாவசியப் பண்டங்களும் அரிதாயின. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று நகரிலே சைவக்கடைகளும், கடலுணவுக் கடைகளும், நல்லூரின் அயலிலே மாலை வேளையிற் குடும்பங்கள் கூடும் ஐஸ்கிரீம் கடைகளும் பிரயாணிகளை வரவேற்கின்றன.

அங்கே செல்லும் பிரயாணி செய்யத்தக்கவை சில உண்டு. தங்கும் விடுதியின் குளிர்ந்த அறையிலேயே எல்லா வேளையும் உண்ணாது, ஒரு வேளையேனும் ஊரவர் உண்ணும் கடையில் அமர்தல் வேண்டும். எது நன்றென்று பரிமாறுபவரையே கேட்டல் வேண்டும். ‘அண்ணை, இண்டைக்கு என்ன கறி?’ என்ற ஒரு கேள்விக்கு எந்த வழிகாட்டி நூலும் தராத விடை கிடைக்கும். தம் ஊர்ச் சுவையோடு ஒப்பிட்டுக் குறை காணாது, புதிய சுவையை அதன் இயல்பிலேயே அறிதல் வேண்டும். இடமில்லாத வேளையில், அறியாத ஒருவர் எதிரே வந்து அமர்ந்தால் முகஞ்சுளியாது இடம் விடுதல் வேண்டும். கிராமத்துத் தேநீர்க்கடைகளில் ஆண்களே மிகுதியாக அமர்ந்திருப்பதையும் அவர் காண்பார். பெண்களும் தயக்கமின்றி அமரும் நாள் வரும்வரை, அந்த மேசை இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

வாழையிலையும் சொதியும் பனங்கட்டியும் யாழ்ப்பாணத்தின் சுவையைக் காட்டுகின்றன. வந்தவர் யாராயினும் ‘இருங்கோ’ என்று ஒரே நாற்காலியைக் காட்டி, ஒரேவகைக் கிண்ணத்தில் தேநீர் வைக்கும் கடை, அதனினும் பெரிதான ஒன்றைக் காட்டுகிறது. அக்கிண்ணத்தின் விலை சிறிதே. அதனை எல்லார்க்கும் பொதுவாக்குவதற்குச் சென்ற தலைமுறையினர் கொடுத்த விலை மிகப் பெரிது.